நான்கு ஆண்டு நின்றுபோன சிற்றிதழ்: ரோட்டர்டாம் காமிக்ஸ் ஓவியர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ரோட்டர்டாமில் மூடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தின் வகுப்பறைகளைப் பட்டறைகளாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தரைத்தளத்தில் ஓர் அறையில் நான் ரிசோ என்ற, நிறம் நிறமாக ஓட்டும் சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வைத்து நடத்துகிறேன். இந்த ஆய்வு எனக்கு நேர் மேல் அறையில் இருக்கும் ஓவியரைப் பற்றியது. 2003 முதல் சொந்தமாக ஒரு காமிக்ஸ் சிற்றிதழ் நடத்திவந்தவர். 2015-ல் அவருக்கு ஒரு பெரிய வேலை வந்தது, அதற்காக இதழை நிறுத்தினார். அப்போது நானும் நிறுத்தத்தான் சொன்னேன். அதன் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுதிவைத்தால், தனியாக வரைந்து தானே வெளியிடும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று இருவருக்குமே தோன்றியது.

அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவர் பெயர், இதழின் பெயர், வேலை கொடுத்த அருங்காட்சியகம், பதிப்பகம் எதையும் சொல்லவில்லை. தொகைகள் அவருடைய கணக்கு நோட்டிலிருந்து எடுத்தவை.

பின்னணி

நெதர்லாந்தில் காமிக்ஸ் வாசிப்பவர்கள் நிறைய. ஆனால் அவர்கள் வாசிப்பதில் பெரும்பகுதி பக்கத்து பெல்ஜியத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் மொழிபெயர்ந்து வருவது. உள்ளூர் ஓவியர்களுக்கு மாதச் சம்பளம்போல் நிலையான வேலை தரும் இடங்கள் கொஞ்சம்தான். 1952-ல் தொடங்கி இன்றும் வாராவாரம் வரும் டொனால்ட் டக் இதழ் அவற்றில் ஒன்று. அந்த வார்ப்பில் வரைய முடியாதவர்களும் விரும்பாதவர்களும் தங்களுக்கான இடத்தைத் தாங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படி உண்டாக்கிக்கொள்ளும் மரபும் அங்கே உண்டு. 1968-ல் கேய்ஸ் கௌசமாக்கர் ஆம்ஸ்டர்டாமில் லாம்பீக் என்ற காமிக்ஸ் கடையைத் திறந்தார். ஐரோப்பாவின் மிகப் பழைய காமிக்ஸ் கடைகளில் ஒன்று அது. 1970-ல் எவர்ட் ஹெராட்ஸ் 'டாண்டே லேனி' இதழைத் தொடங்கினார். யோஸ்ட் ஸ்வார்ட்டெ, பீட்டர் போன்டியாக் போன்ற டச்சு காமிக்ஸ் ஓவியர்கள் வளர்ந்தது இப்படிப்பட்ட சிறிய இதழ்களில்தான். 1994-ல் ரோட்டர்டாமிலேயே 'ஸோன் 5300' என்ற காமிக்ஸ் இதழ் வந்தது. நான் சொல்லும் ஓவியர் இளவயதில் அதன் பழைய பிரதிகளைக் கிழியும்வரை படித்தவர்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு காலத்தில் அரசு தோள்கொடுத்தது. பி.கே.ஆர் என்று ஒரு திட்டம் 1987 வரை இருந்தது. ஓவியரிடம் படைப்புகளை வாங்கிக்கொண்டு நகராட்சி அவருக்கு வருமானம் கொடுக்கும். வாங்கிய படங்கள் கிடங்குகளில் குவிந்ததுதான் மிச்சம் என்று கடைசியில் அதை மூடினார்கள். பிறகு 2005-ல் கலைஞர்களுக்கான வருமான உதவிச் சட்டம் ஒன்று வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அதிகபட்சம் 48 மாதம், சமூக உதவித் தொகையில் சுமார் 70 சதவீதம் கிடைக்கும். நம் ஓவியர் அதில் நான்கு ஆண்டும் முழுதாகப் பெற்றார். 2012 ஜனவரி 1-ல் அந்தச் சட்டமும் ரத்தானது. கலைக்கான அரசுச் செலவில் 20 கோடி யூரோ வெட்டு அறிவிக்கப்பட்ட காலம் அது.

ஆக 2015-ல் இப்படிப்பட்ட ஒருவருக்கு மிஞ்சியிருந்த வழிகள் மூன்று. நிதியங்களுக்கு விண்ணப்பிப்பது, நிறுவனங்களிடமிருந்து வரும் வேலையை ஏற்பது, தன் கையால் விற்பது.

இதழ் எப்படி நடந்தது

கதையின் நாயகன் ஒரு கஸ்தூரி எலி பிடிப்பவர். நெதர்லாந்தில் இது உண்மையிலேயே ஒரு தொழில். வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த எலியைத் தோலுக்காக ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1941-ல் அது நெதர்லாந்துக்குள் நுழைந்தது. கால்வாய்க் கரைகளையும் அணைக்கரைகளையும் குடைந்து வளை தோண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே இவ்வளவு நிலம் இருக்கும் நாட்டில் கரை குடைபட்டால் விளையாட்டில்லை. அதனால் நீர் வாரியங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து இவற்றைப் பிடிக்கின்றன.

இதழில் பிடிப்பவர் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார், எலிகள்தான் பேசும். தண்ணீர் மட்டம், வளையின் ஈரம், செத்துப்போன பாட்டி, எதிர்க்கரையில் யார் குடிவந்திருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் பேசும். பிடிப்பவர் பொறியை வைத்துவிட்டு உட்கார்ந்து காப்பி குடிப்பார். சில இதழ்களில் வேறெதுவும் நடக்காது. நிப்பு பேனாவைக் 'கிழக்கிந்திய மை' என்று டச்சுக்காரர்கள் சொல்லும் கறுப்பு மையில் தொட்டு, புல்லையும் தண்ணீரையும் கீறிக் கீறி வரைவார். படிப்பவர்கள் இரண்டு பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் விடவே மாட்டார்கள். நான் இரண்டாவது வகை.

ஓர் இதழ் 16 பக்கம், ஏ5 அளவு, ஆண்டுக்கு நான்கு. முதலில் நகலெடுத்து ஓட்டினார், 2011 முதல் என் ரிசோவில். அச்சு 350 பிரதி. மடிக்கும் இரவு என்று ஒன்று உண்டு. கறுப்பு ஓடிய தாளை ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் உருளையை மாற்றி இரண்டாவது நிறத்தை ஓட்டுவேன். ரிசோ மை எண்ணெய் கலந்தது, முழுதாகக் காயாது. அதனால் மடிப்பவர்கள் தாளின் ஓரத்தை மட்டும்தான் பிடிக்கலாம். எலும்பாலான மடிப்புக் கருவியால் மடிப்பை ஒரே இழுப்பில் தேய்த்து, நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நீளக் கை ஸ்டேப்ளரில் இரண்டு பின். நான்கு பேர் உட்கார்ந்தால் இரவு பதினொன்றுக்குள் முடியும்.

அந்த மேசையில் எப்போதும் கட்டம் போட்ட ஒரு பள்ளி நோட்டு இருக்கும். ஒரு சந்தாதாரருக்கு ஒரு வரி: பெயர், முகவரி, கடைசியாக அனுப்பிய இதழ் எண், பணம் வந்த தேதி. கடைசிக் கட்டத்தில் பொடி எழுத்தில் அவர் எப்போதோ சொன்னது ஏதாவது. ஃப்ரீஸ்லாந்தில் ஒருவருக்கு எதிரே இப்படி இருந்தது: "ஓய்வுபெற்ற எலி பிடிப்பவர். 17-ஆம் இதழில் பொறியைத் தலைகீழாக வரைந்துவிட்டேனாம். சரிதான்."

2015 கோடையில் 41 இதழ் வந்திருந்தது. சந்தா 212. ஆண்டுச் சந்தா தபாலோடு 20 யூரோ. சந்தையிலும் கடைகளிலும் சில்லறையாக இதழுக்கு நூறு பிரதிபோல விற்கும். தாள், அச்சு, தபால் எல்லாம் போக ஆண்டுக்குச் சுமார் 3,600 யூரோ நின்றது. மாதம் 300. ரோட்டர்டாமில் பட்டறை வாடகைக்கும் கொஞ்சம் மைக்கும் அது போதும், சாப்பாட்டுக்குப் போதாது. மீதி வருமானம் பள்ளிப் பட்டறை வகுப்புகளிலிருந்தும் சின்னச் சின்ன வரைபட வேலைகளிலிருந்தும் வந்தது.

அந்த வரைபட வேலைகள் எங்கிருந்து வந்தன என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. பின்னால் நோட்டை வைத்துக்கொண்டு எண்ணினோம். 2012 முதல் 2014 வரை வந்த 11 வேலைகளில் 8, சந்தாதாரர் மூலமாகவோ அவருக்குத் தெரிந்தவர் மூலமாகவோ வந்திருந்தன. 2015-ல் இந்தக் கணக்கு கையில் இருந்திருந்தால் நான் வேறு யோசனை சொல்லியிருப்பேன்.

வந்த வேலை

2015 செப்டம்பரில் ஒரு மாகாண அருங்காட்சியகம் அழைத்தது. 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒருவரின் வாழ்க்கையை 144 பக்கக் காமிக்ஸாக வரைய வேண்டும். அப்போது அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வகை. பார்பரா ஸ்டோக் வான்கோ அருங்காட்சியகத்துக்காக வான்கோவைப் பற்றி 2012-ல் வரைந்திருந்தார். டைபெக்ஸ் என்ற ஓவியர் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்துக்காக ரெம்பிரான்ட்டைப் பற்றி 2013-ல் வரைந்திருந்தார். இரண்டும் பல மொழிகளுக்குப் போயின. தங்கள் ஊர் ஓவியரையும் அப்படிக் கொண்டுபோகலாம் என்று மற்ற அருங்காட்சியகங்களும் எண்ணியதில் தவறில்லை.

கட்டணம் 15,000 யூரோ. காலம் 18 மாதம். அச்சிட்டு விற்பது ஒரு பதிப்பகத்தின் பொறுப்பு, அவர்கள் தனியாக 2,500 யூரோ முன்பணம் தருவார்கள்.

மடிக்கும் மேசையைச் சுற்றி மூன்று பேர் பேசினோம்: ஓவியர், அவருடைய துணைவி, நான். ஏற்பதற்குக் காரணங்கள் வலுவாக இருந்தன. அவருக்கு வயது 46. வருமான உதவி போய் மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. இரண்டு மாத வாடகை பாக்கி. அதற்கும் மேலே, நூலகத்திலும் புத்தகக் கடையிலும் கெட்டி அட்டையோடு தன் புத்தகம் ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அந்த ஆசையை நான் குறைத்து எண்ணவில்லை, இப்போதும் எண்ணுவதில்லை. பன்னிரண்டு ஆண்டு பின் அடித்த இதழ்களை மட்டுமே வெளியிட்ட ஒருவருக்கு முதுகுத் தையல் போட்ட புத்தகம் என்பது சாதாரண விஷயம் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வேலையை ஏற்பது. இன்று மறுபடி அதே நிலை வந்தாலும் ஏற்கத்தான் சொல்வேன்.

இரண்டாவது, உரிமைகள். அருங்காட்சியகத்தின் முதல் வரைவு ஒப்பந்தம் எல்லா உரிமையையும் கேட்டது. அதே ஆண்டு ஜூலை 1-ல்தான் படைப்பாளர் ஒப்பந்தங்கள் பற்றிய புதிய சட்டம் நெதர்லாந்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. நியாயமான ஊதியம் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. கொடுத்த உரிமையைப் போதிய அளவு பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால் ஒப்பந்தத்தைக் கலைக்கும் உரிமையும் இருக்கிறது. ஓவியர் சட்டப் பிரதியை அச்செடுத்து, அடிக்கோடிட்டு எடுத்துக்கொண்டு போனார். பதிப்புரிமையை எழுதிக்கொடுக்காமல் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு அனுமதி மட்டும் தருவது, மூலப் பக்கங்கள் தன்னிடமே இருப்பது என்று பேசி முடித்தார். இந்த இரண்டும் பின்னால் அவரைக் காப்பாற்றின.

மூன்றாவது, திருத்தங்கள். "வழக்கமான அளவில் திருத்தம்" என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எத்தனை முறை என்று எண் இல்லை. யாரும் கேட்கவில்லை.

நான்காவது, இதழ். இரண்டையும் சேர்த்து வரைய முடியாது என்றார். கைக்கும் கண்ணுக்கும் அது உண்மைதான். ஓராண்டு நிறுத்தினால் என்ன, 41 இதழ் வாசித்தவர்கள் காத்திருக்க மாட்டார்களா என்று நான் சொன்னேன். அவர் 212 பேருக்கும் கையால் அட்டை எழுதினார். மீதிச் சந்தாவைத் திருப்பித் தருகிறேன், வேண்டாம் என்றால் இதழ் திரும்பும்போது அனுப்புகிறேன் என்று. பணம் கேட்டவர்கள் 38 பேர். மற்றவர்கள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பலர் வாழ்த்து எழுதினார்கள். அதைப் பார்த்து எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நோட்டு அலமாரிக்குள் போனது.

31 மாதங்கள்

18 மாதம் என்று பேசியது 31 மாதமாக நீண்டது. 2018 ஏப்ரலில்தான் கடைசிப் பக்கம் போனது.

தாமதத்தில் பெரும்பகுதி திருத்தத்தால் வந்தது. அருங்காட்சியகத்தில் ஐந்து பேர் கொண்ட குழு பக்கங்களைப் பார்த்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் சொல்லவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஆடையின் கழுத்துப்பட்டி அந்தப் பத்தாண்டுக்குரியது இல்லை, சன்னல் சட்டம் தவறு, இந்தக் கடன்காரர் ஆவணத்தில் வேறு பெயரில் இருக்கிறார். எல்லாம் சரியான குறிப்புகள். ஆனால் ஒருவர் பார்த்து முடித்த பக்கத்தை இன்னொருவர் இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பார். முதல் அத்தியாயம் ஆறு முறை மாறியது.

படத்திலும் மாற்றம் வந்தது. கீறல் கோடுகள் பள்ளி மாணவர்களுக்குக் கடினமாக இருக்கும் என்றார்கள். கீறல் இல்லாமல் ஒரே சீராகப் போகும் 'தெளிவான கோட்டுக்கு' மாறச் சொன்னார்கள். அவர் மாறினார். திறமையாகவே செய்தார். ஒரு நாள் மாலை நான் காப்பி எடுத்துக்கொண்டு மேலே போனபோது ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்வாய் ஒன்று, அதன் கரையில் அந்த 17-ஆம் நூற்றாண்டு ஓவியரின் வீடு. தண்ணீருக்கு மூன்றே கோடு. "இதில் எலி குடியிருக்காது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டார்.

பணக் கணக்கு எளிது. 15,000 யூரோவை 18 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 833. அதை 31 மாதத்துக்குப் பிரித்தால் 484. இதழ் இருந்தபோது வந்த 300-ம், அதன் வழியாக வந்த வரைபட வேலைகளும் நின்றுபோயிருந்தன. 2017-ல் பட்டறையைப் பாதியாகப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுத்தார். வலது மணிக்கட்டில் வீக்கம் வந்து ஆறு வாரம் பேனா பிடிக்க முடியாமல் இருந்தார்.

புத்தகம் வந்த பிறகு

2018 அக்டோபரில் புத்தகம் வந்தது. விலை 24.95 யூரோ, அச்சு 2,000. நல்ல விமர்சனங்கள் வந்தன. அருங்காட்சியகத்தின் கூடத்தில் மூலப் பக்கங்களைச் சட்டமிட்டு மாட்டினார்கள். அவருடைய அம்மா சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். அந்த நாளை இந்தக் கணக்கு எதிலும் சேர்க்க முடியாது, ஆனால் விட்டுவிடவும் எனக்கு மனமில்லை.

இரண்டு ஆண்டில் 1,400 பிரதி விற்றது. இந்த வகைப் புத்தகத்துக்கு அது மோசமில்லை. வரி நீக்கிய விலையில் 10 சதவீதம் ராயல்டி, பிரதிக்குச் சுமார் 2.30 யூரோ. மொத்தம் 3,200 சொச்சம். முன்பணம் 2,500 கழித்தால் கைக்கு வந்தது 700 யூரோபோல.

நாங்கள் எதிர்பார்க்காதது வேறொன்று. புத்தகம் வாங்கியவர்கள் அந்தப் பழைய ஓவியரின் வாசகர்கள், அவர் ஊர்க்காரர்கள், அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள். வரைந்தவர் யார் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். கையெழுத்து வரிசையில் நான் மூன்று முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய இதழ்களை மேசையில் பரப்பி வைத்திருந்தோம். மூன்று நாளிலும் சேர்த்து விற்றது நான்கு. பெரிய புத்தகம் சிறிய இதழுக்கு வாசகர்களைக் கொண்டுவரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். இந்த நிகழ்வில் அப்படி நடக்கவில்லை.

மறுபடி தொடங்கியது

2019 பிப்ரவரியில் அவரே கீழே வந்து நோட்டைக் கேட்டார். அது என் அலமாரியில் தாள் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. 212 பேருக்கும் மறுபடி அட்டை போட்டார். 31 அட்டைகள் முகவரி மாறிவிட்டது என்று திரும்பி வந்தன. இரண்டு பேர் இறந்துவிட்டதாக வீட்டார் எழுதினார்கள். அதில் ஒருவர் அந்த ஃப்ரீஸ்லாந்துக்காரர். 94 பேர் மறுபடி சேர்ந்தார்கள். மீதிப் பேரிடமிருந்து பதிலே இல்லை.

அவர்கள் கோபப்பட்டுப் பதில் போடாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவின் தபால் துளை வழியாக விழும் ஒரு பொருள், விழாமல் போனால் முதல் முறை கவனிப்பார்கள், நான்காம் முறை அதன் இடத்தில் வேறு ஏதாவது விழுந்திருக்கும்.

மறுதொடக்கத்தில் சில மாற்றங்கள் செய்தார். ஆண்டுக்கு நான்குக்குப் பதில் மூன்று. பக்கம் 24. அச்சு 250. ஆண்டுச் சந்தா 24 யூரோ. பழைய கீறல் கோட்டுக்கே திரும்பினார். 42-ஆம் இதழ் 2019 இலையுதிர் காலத்தில் வந்தது. பிடிப்பவர் நான்கு ஆண்டு மூத்திருந்தார், எலிகளில் ஒரு தலைமுறை போயிருந்தது. அதை அவர் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் நான் படித்ததில் மிக நல்ல இதழ் அதுதான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் சந்தைகளும் பள்ளி வகுப்புகளும் ஒரே வாரத்தில் நின்றன. சுயதொழில் செய்பவர்களுக்கு அரசு கொண்டுவந்த டோசோ உதவியை ஐந்து மாதம் பெற்றார். இதழ் மட்டும் நிற்கவில்லை. தபாலில் போகும் பொருளுக்குக் கடை திறந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் நண்பர்களுக்குச் சந்தா பரிசளித்தார்கள். 2021 முடிவில் 176 ஆனது.

2022-ல் முதல் 41 இதழ்களில் பொறுக்கியெடுத்து 200 பக்கத் தொகுப்பு ஒன்றைத் தானே வெளியிட முடிவுசெய்தார். பதிப்பகத்திடம் போகலாமா என்று யோசித்தோம். புத்தகக் கடைக்கு விலையில் 40 சதவீதம் சொச்சம், பிறகு விநியோகம், பிறகு பதிப்பகம் என்று போனால் மிஞ்சுவது என்ன என்று இந்த முறை முன்பே கணக்குப் போட்டோம். முதலில் சந்தாதாரர்களிடம் முன்பதிவு கேட்டார். 22 யூரோ வீதம் 240 பிரதிக்குப் பணம் வந்தது, 5,280 யூரோ. 600 பிரதி அச்சிட ஆன செலவு 4,100. அச்சகத்துக்கு வண்டி போவதற்கு முன்பே செலவு ஈடாகிவிட்டது. பொதி அளவையும் யோசித்துத்தான் புத்தகத்தை வடிவமைத்தோம். 3.2 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் போனால் தபால் துளைப் பொதியாக ஏற்க மாட்டார்கள், பெரிய பார்சல் கட்டணம் ஆகிவிடும். தொகுப்பின் தடிமன் 1.9.

மூலப் பக்கங்கள் அவரிடமே இருந்ததால் அருங்காட்சியகத்துக்காக வரைந்த புத்தகத்தின் பக்கங்களையும் ஒவ்வொன்றாக விற்றுவருகிறார். இதுவரை 22 பக்கம் போயிருக்கிறது. ராயல்டியைவிட அதில் வந்த பணம் அதிகம்.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

இதழை நிறுத்தியிருக்கக் கூடாது. 16 பக்கம் முடியாது என்றால் நான்கு பக்கம். ஒரே தாள், ஒரே மடிப்பு, பின்கூட வேண்டாம். பிடிப்பவர் காப்பி குடிப்பதை மட்டும் வரைந்து அனுப்பியிருந்தாலும் போதும். ஒரு பக்கத்தை அவர் இரண்டு நாளில் வரைவார். ஆண்டுக்கு நான்கு முறை என்றால் 32 நாள். 31 மாத வேலையில் அந்த நாட்களை நாங்கள் எப்படியும் கண்டுபிடித்திருக்கலாம். நோட்டில் முகவரிகளும் உயிரோடு இருந்திருக்கும். நிறுத்தலாம் என்ற யோசனை என்னுடையது என்பதால் இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. அவர் ஒருமுறைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை.

ஒப்பந்தத்தில் திருத்தச் சுற்று இரண்டு என்று எண்ணில் எழுத வேண்டும். மூன்றாவது சுற்றுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணமும் எழுத வேண்டும். குழுவில் எத்தனை பேர் இருந்தாலும் குறிப்புகள் ஒருவர் கையிலிருந்து ஒரே தாளில் வர வேண்டும். பணத்தை மாதக் கணக்கில் பிரிக்காமல் பக்கக் கணக்கில் பிரிப்பது நல்லது.

கோட்டை மாற்றியது பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தெளிவான கோட்டைப் பழகியது தனக்கு நல்லதுதான் என்கிறார் அவர். 42-ஆம் இதழுக்குப் பிறகு எலிகளின் முகம் முன்பைவிடத் துலக்கமாக இருப்பதைக் காட்டுகிறார். நான் பக்கங்களை எடுத்துப் பார்க்கிறேன், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் வேலை கொடுத்தவர்கள் அவருடைய இதழைப் பார்த்துத்தானே அவரை அழைத்தார்கள்? எந்தக் கோட்டுக்காக அழைத்தார்களோ அதையே விடச் சொன்னபோது, குறைந்தது ஒரு முறையாவது மறுத்துப் பேசியிருக்கலாம்.

நோட்டைப் பற்றி ஒன்று. அது ஒரே பிரதியாக இருந்தது, என் அறையில் தாள் கட்டுக்குப் பின்னால். இப்போது ஆண்டுக்கு இருமுறை நகலெடுத்து அவர் வீட்டிலும் வைக்கிறோம். பொடி எழுத்துக் கட்டத்தையும் சேர்த்துத்தான்.

இப்போது

2023 முடிவில் சந்தா 203. நிறுத்தியபோது இருந்த 212-ஐ இன்னும் தொடவில்லை. இதழிலிருந்து வருவது மாதம் 250 யூரோபோல. நோட்டு வழியாக வரைபட வேலைகள் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. அதில் ஒன்று ஒரு நீர் வாரியத்தின் சுவரொட்டி. வாரியத்தில் வேலைபார்க்கும் சந்தாதாரர் ஒருவர் பரிந்துரைத்தது.

கடந்த நவம்பரில் வேறொரு அருங்காட்சியகம் அழைத்தது. 96 பக்கம். அவர் மூன்று நிபந்தனை எழுதி அனுப்பினார்: இரண்டே திருத்தச் சுற்று, தன்னுடைய கோடு, ஆண்டுக்கு மூன்று முறை இரண்டு வாரம் தன் இதழுக்கு. முதலிரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. 55-ஆம் இதழின் கறுப்பு நேற்று ஓடியது. தாள் காய்ந்துகொண்டிருக்கிறது, நாளை பச்சை.